மடிந்தது ஒன்று, காரணம் வேறொன்று

கைப்பேசியில் ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பாதிவரை நிரப்பியாகிவிட்டது. அடையாள அட்டையின் படத்தை இணைக்கச் சொல்கிறது படிவம். கேமராவைத் திறந்து படமெடுத்துவிட்டுத் திரும்பினால், நிரப்பியதெல்லாம் போய், செயலி முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. என்ன நேர்ந்தது என்று ஒரு வரிகூட இல்லை. இது ஏன் என்று யோசிக்காதவர்கள் குறைவு. இதே நிகழ்ச்சி சர்வர்களிலும் நடக்கிறது. நள்ளிரவில் ஒரு கடையின் இணையதளம் நின்றுபோகிறது. காலையில் வந்து பார்க்கும் பொறியாளருக்குத் தரவுத்தளம் ஓடவில்லை என்பது தெரிகிறது. தரவுத்தளத்தின் பதிவேட்டைத் திறந்தால், கடைசி வரி ஏதோ வழக்கமான வேலையைப் பற்றிப் பேசுகிறது. புகார் எதுவும் அதில் இல்லை.

இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றுதான். நினைவகம் தீர்ந்துபோனது, இடத்தை மீட்பதற்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு நிரல் கொல்லப்பட்டது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும் உலகின் பெரும்பாலான சர்வர்களும் லினக்ஸ் கெர்னலின் மேல் ஓடுபவை. கெர்னல் என்பது இயக்குதளத்தின் உட்கரு. நினைவகத்தைப் பங்கிடுவது அதன் பொறுப்பு. ஆண்ட்ராய்டில் எல்எம்கேடி என்ற காவல் நிரல் பின்னணிச் செயலிகளை நிறுத்துகிறது. சர்வரில் கெர்னலே அதைச் செய்கிறது. கொல்வதற்கு அனுப்பப்படும் ஒன்பதாம் எண் சமிக்ஞையை எந்த நிரலும் தடுக்க முடியாது, தாமதப்படுத்தவும் முடியாது. அதனால் கொல்லப்படும் நிரலுக்குத் தன் பதிவேட்டில் கடைசியாக ஒரு சொல் எழுதக்கூட அவகாசம் கிடைப்பதில்லை. சர்வரில் நடந்ததைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி கெர்னல்தான். அது தன் பதிவேட்டில் எழுதிவைக்கும் சில வரிகளே சாட்சியம்.

அந்த வரிகள் கணினியின் இயக்கத்துக்குப் புறம்பான ஒட்டுவேலை அல்ல, பழுதை நீக்கும் பொறிமுறையின் பாதி அவை என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். கெர்னல் சரியான நிரலையே கொன்றாலும், ஏன் கொல்ல நேர்ந்தது என்பதைப் படிப்பவர் புரிந்துகொள்ளாவிட்டால் நாளை இரவும் அதே நிரல் மடியும்.

இருப்பதைவிட அதிகம் வாக்களிப்பது

முதலில் ஓர் இயல்பான கேள்வி. நினைவகம் இல்லையென்றால், கேட்கும்போதே இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன? கொடுத்துவிட்டுப் பிறகு கொல்வானேன்? நிரல்கள் கேட்கும் அளவுக்கும் உண்மையில் பயன்படுத்தும் அளவுக்கும் உள்ள இடைவெளியில் இதற்கு விடை இருக்கிறது. ஒரு நிரல் ஒரு ஜிபி இடம் கேட்டால், அதில் ஒரு சிறு பகுதியையே தொடக்கூடும். கெர்னல் நினைவகத்தைப் பக்கம் என்ற சிறு துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. வழக்கமான சர்வர்களில் ஒரு பக்கம் 4 கேபி. நிரல் கேட்டவுடன் கெர்னல் ஒப்புதல் மட்டும் தருகிறது. ஒரு பக்கத்தில் முதன்முதலாக எழுதும் கணத்தில்தான் உண்மையான இடத்தை ஒதுக்குகிறது. ஆயிரம் பேருக்கு அழைப்பிதழ் கொடுத்துவிட்டு அறுநூறு பேருக்கு இலை போட ஏற்பாடு செய்யும் கல்யாண வீட்டுக் கணக்கு இது. பெரும்பாலும் சரியாகவே வரும்.

இந்தக் கணக்கைத் தவிர்க்க முடியாத சூழல்கள் உண்டு. ரெடிஸ் என்ற தரவுத்தளம் தன் தரவை வட்டில் சேமிக்கும்போது தன்னையே இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது. பத்து ஜிபி வைத்திருந்தால், காகிதத்தில் அந்தக் கணமே இருபது ஜிபி ஆகிவிடும். உண்மையில் இரு பிரதிகளும் ஒரே பக்கங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. மாற்றி எழுதப்படும் பக்கத்துக்கு மட்டுமே புதிய இடம் தேவைப்படும். கண்டிப்பான கெர்னலாக இருந்தால் இந்தச் சேமிப்பையே மறுத்துவிடும். அதனால் ரெடிஸ் தன் பயனர்களிடம், தாராளமாக வாக்களிக்கும்படி கெர்னலை அமைத்துக்கொள்ளச் சொல்கிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ஆவணங்களோ இதற்கு நேர்மாறாக, கண்டிப்பான அமைப்பைப் பரிந்துரைக்கின்றன. தன் புராசஸ்களில், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களில், ஒன்று திடீரெனக் கொல்லப்பட்டால், பகிர்ந்த நினைவகம் கெட்டிருக்கக்கூடும் என்று கருதி, போஸ்ட்கிரெஸ் மற்ற இணைப்புகளையும் துண்டித்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டியிருக்கிறது. இரண்டு அறிவுரைகளும் அவரவர் இடத்தில் சரியானவையே. லினக்ஸ் இயல்பாக நடுவழியில் நிற்கிறது: அப்பட்டமாக மிஞ்சிய கோரிக்கையை மறுக்கும், மற்றவற்றுக்குத் தலையசைக்கும். இந்த நடுவழிக்குத் தர வேண்டிய விலை, எப்போதாவது வாக்கைக் காப்பாற்ற முடியாமல் போவது.

யாரைக் கொல்வது?

அப்படி ஒரு கணம் வந்ததும் கெர்னல் உடனே கத்தியை எடுப்பதில்லை. வட்டிலிருந்து படித்து வைத்திருக்கும் கோப்புப் பிரதிகளைக் கைவிடுகிறது. ஸ்வாப் எனப்படும் வட்டுப் பகுதி இருந்தால், நெடுநேரம் தொடப்படாத பக்கங்களை அங்கே தள்ளுகிறது. எதுவும் பலிக்காதபோதுதான் ஓஓஎம் கில்லர் என்ற பகுதி விழிக்கிறது. நினைவகம் தீர்ந்த நேரத்தில் ஒரு புராசஸைத் தேர்ந்து நிறுத்துவது அதன் வேலை. அதன் மூலநிரல் கோப்பின் தலைப்பில் 1998, 2000 ஆகிய ஆண்டுகளும் ரிக் வான் ரீல் என்ற பெயரும் இன்றும் இருக்கின்றன.

தொடக்கத்தில் தேர்வு முறை சிக்கலாக இருந்தது. எவ்வளவு நேரம் ஓடியது, யாருடைய அதிகாரத்தில் ஓடுகிறது என்பவையெல்லாம் மதிப்பெண்ணைப் பாதித்தன. அதனால் எது மடியும் என்று முன்கூட்டியே கணிப்பது கடினமாயிற்று. 2010-இல் 2.6.36 பதிப்பில் டேவிட் ரியன்ட்ஜெஸ் இதை எளிமையாக்கினார். ஒரு புராசஸ் உண்மையில் பிடித்து வைத்திருக்கும் பக்கங்கள், ஸ்வாப்பில் உள்ளவை, அவற்றைக் கணக்கு வைக்கும் அட்டவணைகள் ஆகியவற்றின் கூட்டுத்தொகையே அடிப்படை மதிப்பெண். அதோடு நிர்வாகி தரும் திருத்த எண் ஒன்று சேரும். அது -1000 முதல் 1000 வரை இருக்கலாம். -1000 என்றால் தொடவே கூடாது. -500 என்றால் மொத்த நினைவகத்தில் பாதியளவு சலுகை. எந்தத் திருத்தமும் தராவிட்டால் மிகப் பெரியதே மடியும்.

இந்த விதியின் நோக்கத்தை நினைவில் வைக்க வேண்டும். ஒரே கொலையில் அதிகபட்ச இடத்தை மீட்பது அதன் இலக்கு. யாரால் தட்டுப்பாடு வந்தது என்று அது கேட்பதே இல்லை. பெரிய புராசஸ் என்பது பல நேரங்களில் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும், பெரிதாக இருப்பதற்காகவே அமைக்கப்பட்ட ஒன்று. ஆகவே மடிந்தது வேறு, காரணம் வேறு, கடைசிச் சொட்டைக் கேட்டது வேறு என்று மூன்று தனி ஆட்கள் இந்தக் கதையில் வரலாம். பதிவேட்டுச் செய்தியின் கடினம் முழுவதும் இதில் இருக்கிறது.

ஒரு சர்வரின் கணக்கு

எண்களோடு பார்த்தால் இது தெளிவாகும். 8 ஜிபி நினைவகமுள்ள, ஸ்வாப் இல்லாத ஒரு சர்வரை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு தரவுத்தளம் 3072 எம்பி பிடித்து ஓடுகிறது. அந்த அளவுக்கே அது அமைக்கப்பட்டிருக்கிறது. இணையப் பக்கங்களைத் தயாரிக்கும் வலைச்சேவை பல சிறு புராசஸ்களாக ஓடுகிறது. ஒவ்வொன்றும் 90 எம்பி. வழக்கமாக அவை 16 இருக்கும், ஆக 1440 எம்பி. ஒருநாள் அமைப்புக் கோப்பில் செய்த மாற்றத்தால் அந்த எண்ணிக்கை 48-க்கு உயர்கிறது. இப்போது வலைச்சேவையின் பங்கு 4320 எம்பி. தரவுத்தளத்தோடு சேர்த்தால் 7392. கெர்னலுக்கும் சில்லறை நிரல்களுக்கும் 800 எம்பி. கூட்டினால் சரியாக 8192. ஒரு பக்கம்கூட மிச்சமில்லை. அந்த நேரத்தில் நகலெடுக்கும் ஒரு சிறு நிரல் விழித்து 4 கேபி கேட்கிறது.

கெர்னல் மதிப்பெண் போடுகிறது. தரவுத்தளம் 7,86,432 பக்கம். வலைச்சேவையின் ஒவ்வொரு புராசஸும் 23,040 பக்கம். முன்னது பின்னதைப் போல 34 மடங்கு. திருத்த எண் எல்லாவற்றுக்கும் பூஜ்யம். எனவே தரவுத்தளம் மடிகிறது, இணையதளம் நிற்கிறது. மூவரும் இங்கே தனித்தனியே நிற்பதைக் கவனிக்கலாம்: கேட்டது நகலெடுக்கும் நிரல், மடிந்தது தரவுத்தளம், காரணம் மும்மடங்கான வலைச்சேவை.

இனிப் பதிவேட்டுக்கு வருவோம். அசல் வரிகள் ஆங்கிலச் சுருக்கங்களில் இருக்கும். இங்கே பொருள் மட்டும். முதல் வரி, நகலெடுக்கும் நிரல் ஓஓஎம் கில்லரை அழைத்தது என்கிறது. அதே வரியில் கேட்கப்பட்ட அளவு பூஜ்யம் என்ற எண்ணாக நிற்கிறது. அது இரண்டின் அடுக்கு. பூஜ்யம் என்றால் ஒரு பக்கம், மூன்று என்றால் எட்டுப் பக்கம். அடுத்து, கெர்னலுக்குள் எந்தச் சார்பு எதை அழைத்தது என்ற நீண்ட பட்டியல். பிறகு நினைவகம் எங்கெங்கே எவ்வளவு இருக்கிறது என்ற விவரம். அதன்பின் எல்லாப் புராசஸ்களின் அட்டவணை. கடைசியில் தீர்ப்பு வரி. அட்டவணையிலிருந்து சில நெடுவரிசைகளையும் தீர்ப்பையும் மட்டும் தமிழில் தந்தால் இப்படி இருக்கும்:

எண் | மெய்நிகர் மொத்தம் | இருப்பு | திருத்தம் | பெயர்
1204 | 1310720 | 786432 | 0 | தரவுத்தளம்
2310 | 61440 | 23040 | 0 | வலைச்சேவை
2311 | 61440 | 23040 | 0 | வலைச்சேவை
(இப்படியே இன்னும் 46 வரிகள்)
நினைவகம் தீர்ந்தது: புராசஸ் 1204 (தரவுத்தளம்) கொல்லப்பட்டது, மெய்நிகர் மொத்தம் 5242880 கேபி, இருப்பு 3145728 கேபி, திருத்தம் 0

அலகு இல்லாத எண்

அட்டவணையில் தரவுத்தளத்தின் இருப்பு 786432. தீர்ப்பு வரியில் அதே தரவுத்தளத்தின் இருப்பு 3145728. ஒரே பொருளுக்கு ஒரே கணத்தில் இரண்டு எண்கள். அட்டவணை பக்கங்களில் எண்ணுகிறது, தீர்ப்பு வரி கேபியில் எண்ணுகிறது. அட்டவணையில் மெய்நிகர் மொத்தம், இருப்பு ஆகிய இரு நெடுவரிசைகளின் தலைப்பிலும் அலகு எழுதப்படவில்லை. நினைவக விவரப் பகுதியிலும் இதே கலப்பு உண்டு: மேலே உள்ள மொத்தக் கணக்கு பக்கங்களில், கீழே உள்ள பகுதிவாரிக் கணக்கு கேபியில்.

விளைவு என்ன? அட்டவணையைக் கேபி என்று நினைத்துப் படிப்பவருக்குத் தரவுத்தளம் 768 எம்பி, ஒவ்வொரு வலைச்சேவைப் புராசஸும் 22.5 எம்பி. எல்லாவற்றையும் கூட்டினால் இரண்டு ஜிபிகூட வராது. எட்டு ஜிபி கணினியில் ஆறு ஜிபி காலியாக இருக்கும்போதே கெர்னல் கொலை செய்துவிட்டது என்ற முடிவுக்கு அவர் வருவார். கெர்னலில் பிழை இருக்கிறது என்று தேடத் தொடங்குவார். இன்னொருவர் மெய்நிகர் மொத்தத்தைப் பார்த்து, தரவுத்தளம் ஐந்து ஜிபி தின்றுவிட்டது என்பார். மெய்நிகர் மொத்தம் என்பது கேட்டு வாங்கிய வாக்குறுதிகளின் தொகை. இருப்புதான் உண்மையில் பிடித்த இடம். மூன்றாமவர் முதல் வரியைப் பார்த்து நகலெடுக்கும் நிரலைக் குற்றம் சொல்வார். நான்காமவர் கடைசி வரியை மட்டும் படித்துத் தரவுத்தளத்துக்கான இடத்தைக் குறைப்பார். நால்வரும் கவனக்குறைவானவர்கள் அல்லர். எழுதப்பட்டதை எழுதப்பட்டபடி படித்தவர்கள்.

உண்மையான காரணம் இந்தப் பதிவேட்டில் இல்லாமல் இல்லை. 48 வரிகளாகச் சிதறிக் கிடக்கிறது. ஒரே பெயருள்ள வரிகளை எண்ணி, இருப்பைக் கூட்டி, நான்கால் பெருக்கி, 1024-ஆல் வகுத்தால் 4320 எம்பி என்பது வெளிப்படும். ஆனால் அப்படிக் கூட்ட வேண்டும் என்ற எண்ணமே, விடையை ஏற்கெனவே ஊகித்தவருக்குத்தான் வரும். தகவல் இருப்பதும் தகவல் தெரிவிக்கப்படுவதும் ஒன்றல்ல.

திருந்தி வந்த பாதை

கெர்னலை உருவாக்குபவர்கள் இதை உணராமல் இல்லை. 2016-இல் வெளிவந்த 4.6 பதிப்புக்கு முன், கோரிக்கை எந்த வகையைச் சேர்ந்தது என்பது பதினாறடிமான எண்ணாக மட்டுமே அச்சானது. மூலநிரலைத் திறந்துவைத்து ஒவ்வொரு இலக்கமாகப் பிரித்தால்தான் பொருள் தெரியும். 4.6 முதல் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வகைப் பெயர்களும் அச்சாகின்றன. 2018 தொடக்கத்தில் வந்த 4.15, கெர்னல் தானே பெருமளவு நினைவகத்தை விழுங்கியிருந்தால் அதன் உட்பிரிவுகளைப் பட்டியலிடத் தொடங்கியது. அதற்குமுன் புராசஸ் அட்டவணையைக் கூட்டிப் பார்த்தவர்களுக்குக் கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. 2019 மார்ச்சில் வந்த 5.0, எந்த எல்லைக்குள் தட்டுப்பாடு, எந்தப் புராசஸ் குழுவைச் சேர்ந்த எது மடிந்தது என்பவற்றை ஒரே வரியில் தொகுத்தது. அதே ஆண்டில் தீர்ப்பு வரியில் திருத்த எண்ணும் சேர்ந்தது.

கடைசியாகச் சொன்ன மாற்றம் ஓர் எண்தான். அதன் பயனை நம் சர்வரில் வைத்துப் பார்க்கலாம். தீர்ப்பு வரியில் திருத்தம் 0 என்று கண்ட பொறியாளர், தரவுத்தளத்துக்குப் பாதுகாப்பே தரப்படவில்லை என்பதை உடனே அறிகிறார். அதற்கு -500 கொடுத்திருந்தால், மொத்தமுள்ள 20,97,152 பக்கங்களில் பாதி, அதாவது 10,48,576 பக்கங்கள், அதன் மதிப்பெண்ணிலிருந்து கழிந்திருக்கும். 7,86,432-ஐவிட அது பெரியது; மதிப்பெண் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். மடிந்திருப்பது 90 எம்பியுள்ள ஒரு வலைச்சேவைப் புராசஸ். இணையதளம் தள்ளாடியிருக்கும், நின்றிருக்காது. ஒரே ஓர் எண்ணை அச்சிட்டதால் ஒரு தீர்வு கண்ணுக்குத் தெரிகிறது.

ஆயினும் இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் தனித்தனித் தேவையிலிருந்து வந்தவை. படிப்பவரின் கேள்விகளிலிருந்து தொடங்கினால் செய்தி வேறுவிதமாக இருக்கும். அவருக்கு நான்கு கேள்விகள் உண்டு. எந்த எல்லை தீர்ந்தது? கேட்டது யார், எவ்வளவு? மடிந்தது யார், எந்த விதிப்படி? இடம் யார் யாரிடம் இருந்தது? இந்த வரிசையில் எழுதினால் நம் சர்வரின் செய்தி இப்படி வரும்:

நினைவகம் தீர்ந்தது. எல்லை: கணினி முழுவதும், 8192 எம்பி. ஸ்வாப் இல்லை.
கேட்டது: நகலெடுக்கும் நிரல், 4 கேபி.
கொல்லப்பட்டது: தரவுத்தளம், 3072 எம்பி. காரணம்: தனிப் புராசஸ்களில் மிகப் பெரியது, திருத்தம் 0.
குழுவாரி இருப்பு: வலைச்சேவை 4320 எம்பி (48 புராசஸ், உச்சவரம்பு இல்லை), தரவுத்தளம் 3072 எம்பி (1 புராசஸ், உச்சவரம்பு இல்லை), கெர்னலும் மற்றவையும் 800 எம்பி.

நான்கு வரிகள். அலகு ஒவ்வோர் எண்ணோடும் ஒட்டியிருக்கிறது. மடிந்ததையும் காரணத்தையும் குழப்பிக்கொள்ள வழியில்லை. வலைச்சேவை 48 என்ற எண்ணைக் கண்டதும், 16 இருக்க வேண்டியது என்று அறிந்தவர் நிமிர்ந்து உட்காருவார்.

மறுப்புகளும் விடைகளும்

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை அற்பமானவை அல்ல. முதலாவது: நினைவகமே இல்லாத கணத்தில் இவ்வளவு கணக்குப் போட்டு எழுதுவதற்கு இடம் எங்கே? நியாயமான கேள்வி. அந்தக் கணத்தில் கெர்னல் புதிதாக இடம் கேட்டால், தான் தீர்க்க வந்த சிக்கலிலேயே தான் மாட்டிக்கொள்ளும். ஆனால் குழுவாரிக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டியதில்லை. கட்டுப்பாட்டுக் குழு என்ற ஏற்பாட்டில் கெர்னல் ஒவ்வொரு குழுவின் நினைவகப் பயன்பாட்டையும் எப்போதும் எண்ணிக்கொண்டே இருக்கிறது. சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியைப் பயன்படுத்தும் கணினிகளில் ஒவ்வொரு சேவையும் தனக்கென ஒரு குழுவில்தான் ஓடுகிறது. அந்த எண்ணிக்கையில் கோப்புப் பிரதிகளும் அடங்கும் என்பதால் அது புராசஸ் இருப்போடு அப்படியே ஒத்துப்போகாது. ஆனால் தட்டுப்பாடு முற்றிய நேரத்தில் கோப்புப் பிரதிகள் பெரும்பாலும் கைவிடப்பட்டிருக்கும் என்பதால் வேறுபாடு பொதுவாகச் சிறிதாகவே இருக்கும். தயாராக இருக்கும் எண்களில் பெரியவை பத்தை எடுத்து அச்சிட, முன்கூட்டியே ஒதுக்கிவைத்த ஒரு சிறு பட்டியல் போதும். ஒரு குழு தன் உச்சவரம்பை மீறும்போது கெர்னல் இன்றே பயன்பாடு இவ்வளவு கேபி, வரம்பு இவ்வளவு கேபி என்று அலகோடு எழுதுகிறது. கணினி முழுவதற்கும் அதே தெளிவைக் கேட்பது பேராசை ஆகாது.

இரண்டாவது மறுப்பு நீளத்தைப் பற்றியது: பதிவேட்டில் சேர்த்துக்கொண்டே போனால் அதுவே சுமையாகிவிடும். இது உண்மை, இந்த வாதத்துக்குத் துணை நிற்கும் உண்மை. இன்றைய அட்டவணை ஒவ்வொரு புராசஸுக்கும் ஒரு வரி எழுதுகிறது. 4000 புராசஸ் ஓடும் பெரிய சர்வரில், வரிக்கு 80 எழுத்து என்றால் 3,20,000 எழுத்து. வினாடிக்கு ஏறத்தாழ 11,500 எழுத்து அனுப்பும் தொடர்வரிசைக் கன்சோல் இணைக்கப்பட்டிருந்தால், இதை வெளியிடவே 28 வினாடி ஆகும். கெர்னலின் பதிவு இடமோ பல அமைப்புகளில் 128 கேபி அல்லது 256 கேபி. அது நிறைந்ததும் பழைய வரிகளின் மேலேயே புதியவை எழுதப்படும். விரைந்து படித்து வட்டில் சேர்க்கும் நிரலும் நினைவகம் இல்லாமல் தடுமாறிக்கொண்டிருந்தால், யார் கேட்டார், எந்த எல்லை என்று சொல்லும் தொடக்க வரிகளே முதலில் அழியும். நல்ல செய்தி நீளமான செய்தி அன்று. முக்கியமானதை முன்னும் சுருக்கமாகவும் சொல்லி, முழு அட்டவணையை வேண்டுவோர் மட்டும் பெறும்படி வைப்பதே வழி. அட்டவணையை நிறுத்திவைக்கும் விசை ஏற்கெனவே இருக்கிறது; அதை நிறுத்தினால் ஈடாக வர வேண்டிய குழுவாரிச் சுருக்கம்தான் இல்லை.

மூன்றாவது: இந்த வரிகளைப் படிப்பவர்கள் மனிதர்கள் மட்டும் அல்லர். கண்காணிப்பு நிரல்கள் பல, வரியின் வடிவத்தை அப்படியே எதிர்பார்த்து எழுதப்பட்டவை. கொள்கலன்களை, அதாவது தனித்தனியே அடைத்து ஓட்டப்படும் நிரல்களை, கண்காணிக்கும் சீஅட்வைசர் அப்படி ஒன்று, 5.0 வடிவம் வந்தபின் பழையதையும் புதியதையும் அடையாளம் காணும்படி அதைத் திருத்த வேண்டியிருந்தது. மாற்றம் ஒவ்வொன்றும் எங்கோ ஒரு கண்காணிப்பைக் குருடாக்கும் என்ற அச்சம் பொய்யல்ல. ஆனால் அதற்கு விடை, வரிகளை என்றென்றும் உறையவைப்பதில் இல்லை. 5.0 காட்டிய வழி நல்லது: பெயரும் மதிப்பும் இணையிணையாக வரும் ஒரு வரி இயந்திரங்களுக்கு, அதன் பக்கத்தில் மனிதருக்கான வரிகள். முன்னதை நிலையாக வைத்திருந்தால், பின்னதைத் தாராளமாகத் திருத்தலாம். இரண்டு வாசகர்களுக்கும் ஒரே வாக்கியத்தால் பதில் சொல்ல முயன்றதுதான் இத்தனை ஆண்டுக் குழப்பத்துக்கு ஒரு காரணம்.

நான்காவது, எச்சரிக்கையாக அணுக வேண்டியது: புராசஸின் முழுக் கட்டளையையும் அச்சிட்டால் எல்லாம் விளங்குமே என்ற ஆசை. கெர்னல் புராசஸ் பெயரில் 15 எழுத்தளவே வைத்திருக்கிறது. ஜாவாவிலோ பைத்தானிலோ எழுதிய பத்துச் சேவைகள் ஓடினால் பதிவேட்டில் பத்தும் ஜாவா, அல்லது பத்தும் பைத்தான். ஆனால் முழுக் கட்டளையில் சில வேளைகளில் கடவுச்சொல்கள் இருக்கும். பதிவேடு பலர் கைக்குப் போகும் பொருள். அதில் அவற்றைக் கொட்டக் கூடாது. குழுவின் பெயர் இங்கேயும் உதவுகிறது. எந்தச் சேவை என்பதை அது சொல்கிறது, இரகசியம் எதையும் வெளியிடுவதில்லை.

கடைசி மறுப்பு அடிப்படையையே தொடுகிறது. தட்டுப்பாட்டை முன்பே உணர்ந்து தடுத்தால் செய்தியே வேண்டாமே? அதற்கான கருவிகளும் வளர்ந்திருக்கின்றன. 2018 இறுதியில் வந்த 4.20 பதிப்பு, நினைவகத்துக்காகக் காத்திருப்பதில் எவ்வளவு நேரம் வீணாகிறது என்று அளக்கும் வசதியைக் கொண்டுவந்தது. அந்த அளவைப் பார்த்து, கெர்னல் கையறு நிலைக்கு வருமுன்பே ஒரு குழுவை நிறுத்தும் சிஸ்டம்டி ஓஓஎம்டி 2020-இல் வந்தது. கெர்னலுக்கு வெளியே, கொஞ்சம் நினைவகம் மிச்சமிருக்கும்போதே இயங்குவதால் இத்தகைய நிரல்களால் நிதானமாக எழுதவும் முடியும். ஆனால் அவையும் கொல்லவே செய்கின்றன. அவையும் காரணம் சொல்லக் கடமைப்பட்டவை. கொள்கலன்களை நிர்வகிக்கும் கூபர்நெட்டீஸில் ஒரு கொள்கலன் வரம்பு மீறி மடிந்தால், 137 என்ற முடிவு எண்ணும் நினைவகத்தால் கொல்லப்பட்டது என்ற குறிப்பும் கிடைக்கும். 128-உடன் ஒன்பதாம் சமிக்ஞையைக் கூட்டினால் வருவது 137. உள்ளே எந்த நிரல் எவ்வளவு பிடித்திருந்தது என்பதை அந்தக் குறிப்பு சொல்வதில்லை. கருவி புதிதானால் செய்தி தானாகத் தெளிந்துவிடாது.

கெர்னல் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

இத்தனைக்கும் பிறகு ஒரு வரம்பை ஒப்புக்கொள்ள வேண்டும். வலைச்சேவைதான் காரணம் என்று கெர்னலால் தீர்ப்புச் சொல்ல முடியாது. 48 புராசஸ் என்பது தவறான அமைப்பா, திருவிழாக்கால விற்பனைக்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடா என்று அதற்குத் தெரியாது. ஒருவேளை தரவுத்தளத்துக்கு மூன்று ஜிபி தந்ததே மிகையாக இருக்கலாம். நோக்கங்கள் மனிதரிடம் இருக்கின்றன. கெர்னலிடம் அளவுகள் மட்டுமே இருக்கின்றன. எனவே அது குற்றவாளியைச் சுட்டுவதோ அறிவுரை சொல்வதோ தவறாகவே முடியும். நல்ல செய்தி தனக்குத் தெரிந்ததை முழுமையாகவும், தெரியாததைப் பற்றி ஊகிக்காமலும் சொல்ல வேண்டும். கொன்றது எந்த விதியால் என்று அதற்குத் தெரியும், அதைச் சொல்லட்டும். இடம் யாரிடம் இருந்தது என்று தெரியும்; கூட்டிச் சொல்லட்டும். எந்த அலகில் எண்ணினோம் என்று தெரியும், எழுதட்டும். 2019-க்கு முந்தைய பதிப்புகளின் தீர்ப்பு வரி, இந்தப் புராசஸைக் கொல்க அல்லது அதன் சேய் புராசஸைப் பலியிடுக என்று இரு வாய்ப்புகளோடு அச்சானது. உண்மையில் எது மடிந்தது என்பது அடுத்த வரியில்தான் தெரிந்தது. தாய்க்குப் பதில் சேயைத் தேர்ந்த பழைய விதி நீக்கப்பட்டதும் அந்த வரியும் தெளிந்தது. குழம்பிய செய்தியின் பின்னால் பல நேரம் ஒரு குழம்பிய விதி இருக்கும். செய்தியைத் தெளிவாக்க முயல்வது விதியையும் சோதனைக்கு உள்ளாக்குகிறது.

மென்பொருள் எழுதும் எவருக்கும் இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. உங்கள் நிரல் தோல்வியடையும் இடத்தில் எழுதும் வரியை, அந்த நிரலை எழுதாத ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். நாளை எதை மாற்ற வேண்டும் என்று அவரால் சொல்ல முடிந்தால் செய்தி தன் கடமையைச் செய்திருக்கிறது. அவர் எண்களை வியந்து பார்த்துவிட்டு மூலநிரலைக் கேட்டால், அது எழுதியவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட குறிப்பு. நினைவகம் தீர்வதை எந்தப் பொறியியலும் முற்றாகத் தடுத்துவிடாது. வாக்குறுதிகளின் மேல் ஓடும் ஏற்பாட்டில் அது என்றாவது நிகழும். நிகழ்ந்ததிலிருந்து கற்றுக்கொள்ள முடியுமா, அல்லது அதே இரவை மீண்டும் மீண்டும் கழிக்க வேண்டுமா என்பதை அந்த நான்கு வரிகள் தீர்மானிக்கின்றன. கொல்லும் விதிக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கையாவது அவற்றுக்குச் செலவிட வேண்டும் என்று கேட்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.